மாசம் 3,000 ரூபாய் இஎம்ஐ-யா, ஒரே தடவை 4,000 ரூபாய் கேரியரா? ஆபீஸ் சைக்கிளுக்கு ரியர் ராக், பேனியர் மாட்டுறது பற்றி முழு கணக்கு



வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்துல நிறைய பேர் ஒரு சைக்கிள் வாங்குறாங்க. ஆபீஸ் 8 கிலோமீட்டர்தான், பெட்ரோல் மிச்சம், உடம்புக்கும் நல்லதுன்னு ஆரம்பிக்கிறாங்க. ரெண்டு வாரம் நல்லா போகும். மூணாவது வாரம் சைக்கிள் பால்கனில நிக்கும். அடுத்த மாசம் டூவீலர் ஷோரூம்ல இஎம்ஐ எவ்வளவுன்னு விசாரிச்சிட்டு இருப்பாங்க.

ஏன் விட்டீங்கன்னு கேட்டா, பெரும்பாலும் தூரத்தையோ டிராஃபிக்கையோ சொல்றதில்ல. "முதுகுல பேக் மாட்டிட்டு ஓட்ட முடியல, சட்டை மொத்தமும் நனைஞ்சிடுது"ங்கிறதுதான் பதிலா வரும். லேப்டாப், சார்ஜர், சாப்பாட்டு டப்பா, தண்ணி பாட்டில், மாத்து சட்டை எல்லாம் சேர்ந்தா அஞ்சு கிலோ. சென்னை வெயில்ல அந்த அஞ்சு கிலோவை முதுகோட ஒட்டி வச்சுக்கிட்டு அரை மணி நேரம் மிதிச்சா யாரா இருந்தாலும் சலிச்சுப் போயிடும்.

இதுக்குத் தீர்வு புதுசு எதுவும் இல்ல. பால்காரர் சைக்கிள்ல பின்னாடி ரெண்டு பக்கமும் கேன் தொங்குறதைப் பார்த்திருப்பீங்க. பாரம் சைக்கிள் மேல, ஆளோட முதுகு ஃப்ரீ. இதையே பேக் வடிவத்துல செஞ்சா அதுக்குப் பேர் பேனியர். அதைத் தாங்குற கேரியருக்குப் பேர் ரியர் ராக். இப்ப வர்ற கியர் சைக்கிள், ஹைபிரிட் சைக்கிள்கள்ல கேரியர் இல்லாமலேயே விற்கிறதால, இதை நாமளே தனியா வாங்கி மாட்ட வேண்டியிருக்கு.

முதல்ல பணக் கணக்கு, அப்புறம் மாட்டுற முறை.

இந்த 4,000 ரூபாய் எதை முடிவு பண்ணுது?

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். கைக்கு வர்ற சம்பளம் 28,000 ரூபாய். சாப்பாட்டோட பிஜி வாடகை 9,000. வீட்டுக்கு அனுப்புறது 8,000. ரீசார்ஜ், துணி, வெளிச் செலவு 5,000. மொத்தச் செலவு 22,000. மிச்சம் 6,000.

கையில 20,000 ரூபாய் சேர்த்து வச்சிருக்கார். இந்த 20,000-ஐ வச்சு ரெண்டு வழியில போகலாம்.

வழி 1: ஆன்ரோடு விலை 1,10,000 ரூபாய்க்கு ஒரு டூவீலர். 20,000 டவுன் பேமென்ட், 90,000 கடன். வட்டி 12%, 36 மாசம்னா இஎம்ஐ 2,989 ரூபாய். மூணு வருஷத்துல கட்டுற வட்டி மட்டும் சுமார் 17,600 ரூபாய். தினமும் 16 கி.மீ., மாசம் 22 நாள்னா 352 கி.மீ. லிட்டருக்கு 45 கி.மீ. மைலேஜ், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய்னு கணக்குக்கு வச்சா மாசம் சுமார் 782 ரூபாய். சர்வீஸ், டயர், ஆயில் எல்லாம் சராசரியா மாசம் 300. மொத்தம் 4,071 ரூபாய். மிச்சம் இருந்த 6,000-ல இப்ப கையில நிக்கிறது 1,929 ரூபாய்.

வழி 2: அதே 20,000 ரூபாய்ல சைக்கிள் 14,000, ஹெல்மெட்டும் பூட்டும் 2,000, ராக் பேனியர் செட்டப் 4,000. கடன் இல்ல. பராமரிப்புக்கு மாசம் 150 ரூபாய் ஒதுக்கினாலும் மிச்சம் 5,850 ரூபாய்.

இப்ப எமர்ஜென்சி ஃபண்ட் கணக்குக்கு வருவோம். மூணு மாசச் செலவை ஒதுக்கி வைக்கணும்னு நம்ம சேனல்ல திரும்பத் திரும்ப சொல்றோம் இல்லையா?

வழி 2-ல மாசச் செலவு 22,150. மூணு மாசத்துக்கு 66,450. மாசம் 5,850 போட்டா 12 மாசத்துல முடிஞ்சிடும்.

வழி 1-ல மாசச் செலவே 26,071 ஆயிடுது. மூணு மாசத்துக்கு 78,213 வேணும். மாசம் 1,929 போட்டா 41 மாசம் ஆகும்.

ஒரு வருஷத்துக்கும் மூணரை வருஷத்துக்கும் உள்ள வித்தியாசம் இது. இதுக்கு நடுவுல வேலை போச்சு, இல்ல ஊர்ல அப்பாவுக்கு ஆஸ்பத்திரி செலவு வந்துச்சுன்னா, வழி 1-ல இருக்கிறவர் கிரெடிட் கார்டுக்கோ பர்சனல் லோனுக்கோதான் போகணும். வழி 2-ல இருக்கிறவருக்கு வங்கில காசு இருக்கும்.

டூவீலர் ஒரு சொத்து இல்லையா, வித்தா காசு வருமேன்னு கேட்கலாம். வரும். கடன் முடிஞ்சதுக்கு அப்புறமும் அந்த வண்டி ஓடும், நாலு இடத்துக்குப் போக வர உதவும். அதனால டூவீலரே வாங்காதீங்கன்னு சொல்ல வரல. முதல்ல எமர்ஜென்சி ஃபண்டை முடிச்சிட்டு, அப்புறம் பெரிய டவுன் பேமென்ட்டோட வாங்கினா கடனும் குறையும், வட்டியும் குறையும். அதுவரைக்கும் சைக்கிளை ஓட வைக்கணும். அது தினமும் ஓடுமா, பால்கனில நிக்குமாங்கிறதை முடிவு பண்றதுல அந்த கேரியருக்குப் பெரிய பங்கு இருக்கு.

யாருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது?

ஆபீஸ் 12 கிலோமீட்டருக்கு மேல இருந்தா தினமும் சைக்கிள் எல்லாருக்கும் ஒத்து வராது. நைட் ஷிப்ட், வீட்டுல இருந்து ஒருத்தரைக் கூட்டிட்டுப் போக வேண்டிய கட்டாயம், வழி முழுக்க லாரி ஓடுற ஹைவே இப்படி இருந்தாலும் யோசிக்கணும்.

சென்னைல மாநகரப் பேருந்துக்கு மாசம் 1,000 ரூபாய் பாஸ் இருக்கு. உங்க ரூட்ல நல்லா பஸ் இருந்தா, அதோட ஒப்பிட்டுப் பாருங்க. 2021-ல இருந்து சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்துல பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது. அந்த பஸ்லயே வேலைக்குப் போயிட்டு வர்ற ஒரு பெண்ணுக்கு சைக்கிளால டிக்கெட் காசு ஒரு ரூபாய்கூட மிச்சமாகாது. பஸ் ஸ்டாப்புக்கு ஷேர் ஆட்டோல போற செலவு, காத்திருக்கிற நேரம், உடற்பயிற்சி இதெல்லாம் உங்களுக்கு முக்கியமா இருந்தா மட்டும் வாங்குங்க. மிச்சம் பிடிக்கிறோம்னு சொல்லிட்டு செலவு பண்ணக்கூடாது.

இன்னொரு விஷயம். பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் குடுத்த இலவச சைக்கிள் ஊர்ல வீட்டு ஓரமா நிக்குதா? அது பெரும்பாலும் கேரியரோடயே வந்திருக்கும். டயர், டியூப், பிரேக் கட்டை மாத்தி, செயினுக்கு எண்ணெய் விட்டா 4, 5 கிலோமீட்டர் ஆபீசுக்கு அதுவே போதும். அதுக்கு ராக் வாங்கவே வேண்டாம், பேனியர் மட்டும் பாருங்க.

புதுசா வாங்குறவங்களுக்கு ஒரு நல்ல செய்தி. 2025 செப்டம்பர் 22-ல இருந்து சைக்கிளுக்கும் அதோட உதிரி பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12%-ல இருந்து 5% ஆயிடுச்சு. பழைய விலைப்பட்டியலை வச்சு பேசுற கடைக்காரர்கிட்ட பில்லை ஒரு தடவை பார்த்து வாங்குங்க.

வாங்குறதுக்கு முன்னாடி சைக்கிளை குனிஞ்சு பாருங்க

ராக் ஆர்டர் போட்டுட்டு, அப்புறம் மாட்ட இடம் இல்லாம திருப்பி அனுப்புறவங்க நிறைய. அஞ்சு நிமிஷம் இந்த நாலு விஷயத்தைப் பார்த்துடுங்க.

ஒண்ணு, திருகுத் துளை. பின் வீல் அச்சுக்கு மேல, பிரேம்ல ரெண்டு பக்கமும் ஒரு சின்ன துளை இருக்கா பாருங்க. அடுத்தது சீட்டுக்குக் கீழ இருந்து பின் வீலுக்கு இறங்குற ரெண்டு குழாயோட மேல் பகுதியில துளை இருக்கா? நாலு துளையும் இருந்தா உங்க வேலை சுலபம். இது பெரும்பாலும் எம்5 அளவு போல்ட், அதாவது 5 மி.மீ. விட்டம். 4 மி.மீ. ஆலன் கீ போட்டா திரும்பும். துளைக்குள்ள பெயின்ட் அடைச்சிருந்தா வெறும் போல்ட்டை எண்ணெய் தொட்டு கையால மெதுவா திருகி சுத்தம் பண்ணிக்கலாம்.

ரெண்டு, டிஸ்க் பிரேக். பின் வீல்ல டிஸ்க் இருந்தா, பிரேக் பிடிக்கிற அந்தக் கட்டை எங்க உட்கார்ந்திருக்குன்னு பாருங்க. குழாய்க்கு வெளிப்பக்கமா மேல துருத்திட்டு இருந்தா சாதாரண ராக்கோட கால் அதுல இடிக்கும். டிஸ்க் பிரேக்குக்குன்னே கால் கொஞ்சம் விலகின ராக் கிடைக்குது. இல்லன்னா நீளமான போல்ட்டும் ஸ்பேசரும் போட்டு விலக்கணும்.

மூணு, வீல் சைஸ். 26 இஞ்சா, 27.5-ஆ, 29 அல்லது 700சி-யான்னு டயர் ஓரத்துல எழுதியிருக்கும். ராக் அந்த சைஸுக்கு ஒத்து வருமான்னு பாருங்க. கால் நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி ராக் வாங்கினா நாளைக்கு சைக்கிள் மாத்தினாலும் உதவும்.

நாலு, துளையே இல்லன்னா? ரப்பர் உறை போட்ட பி-கிளாம்ப் வச்சு குழாயைச் சுத்திப் பிடிக்கலாம். மேல் பக்கத்துக்கு, சீட் கிளாம்ப்பையே துளை உள்ளதா மாத்திக்கலாம். இது அலுமினியம், ஸ்டீல் பிரேமுக்குத்தான். கார்பன் பிரேம்ல கிளாம்ப் போட்டு இறுக்கினா பிரேமே போயிடும், அதைச் செய்யவே கூடாது.

சீட் கம்பியில மட்டும் கவ்விக்கிட்டு நிக்கிற ராக்கும் கிடைக்குது. மாட்டுறது ரெண்டு நிமிஷ வேலை. ஆனா அதோட தாங்கும் அளவு பொதுவா 9, 10 கிலோதான். லேசா பக்கவாட்டுல திரும்பவும் செய்யும். பல மாடல்ல பக்கத்துல கம்பி இருக்காது. பேனியர் தொங்கவிட்டா அது ஆடி நேரா ஸ்போக்ஸ்க்குள்ள போயிடும். மேல ஒரு சின்ன பை வைக்கிறதுக்குத்தான் அது சரி.

எந்த ராக்?

சைக்கிள் கடையில கிடைக்கிற பழைய பாணி இரும்பு கேரியர் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். பாரம் நல்லா தாங்கும், வெல்டிங் விட்டாலும் தெருமுனை பட்டறையில ஒட்டிடலாம். எடை அதிகம், துரு பிடிக்கும், உங்க பிரேமுக்கு அளவு சரியா வருமான்னு நேர்ல வச்சுப் பார்க்கணும். அலுமினியம் ராக் சுமார் 1,000-ல இருந்து 2,500 ரூபாய் வரைக்கும். எடை முக்கால் கிலோ மாதிரி இருக்கும். துரு பிடிக்காது.

எதை வாங்கினாலும் மூணு விஷயம் பாருங்க. ராக் மேலயே தாங்கும் அளவு அச்சடிச்சிருக்கணும், 25 கிலோன்னு இருந்தா ஆபீஸ் உபயோகத்துக்குத் தாராளம். பேனியர் தொங்குறதுக்குப் பக்கவாட்டுக் கம்பி இருக்கணும். பின் லைட் மாட்ட பின்பக்கம் ஒரு தகடு இருந்தா ரொம்ப நல்லது. அது ஏன்னு கீழ சொல்றேன்.

25 கிலோங்கிறது சாமானுக்கு. அதுல ஆளை உட்கார வைக்கக் கூடாது. நண்பரைப் பின்னாடி ஏத்திக்கிட்டு ஒரு டீக்கடைக்குப் போனாலே அலுமினியக் கால் வளைஞ்சிடும்.

மாட்டுற முறை, படிப்படியா

தேவையான சாமான்: 4 மற்றும் 5 மி.மீ. ஆலன் கீ, 8 மி.மீ. ஸ்பானர், எம்5 வாஷர், உள்ளே நைலான் வளையம் வச்ச லாக் நட், கழட்ட முடிகிற ரகமான நீல நிற த்ரெட் லாக் பசை. கடையில மாட்டித் தரச் சொன்னாலும் சின்னத் தொகைதான் கேப்பாங்க. நீங்களே ஒரு தடவை மாட்டிப் பார்த்தா, அப்புறம் எது லூஸ் ஆனாலும் கண்டுபிடிக்கத் தெரியும்.

1. போல்ட் எல்லாத்தையும் முதல்ல அரை இறுக்கத்துலதான் வைக்கணும். கீழ ரெண்டு காலையும் அச்சுக்கு மேல உள்ள துளையில மாட்டுங்க. முழுசா இறுக்க வேண்டாம்.

2. அடுத்தது முன்பக்கம் வர்ற ரெண்டு கைகளை சீட்டுக்குக் கீழ உள்ள துளையில சேருங்க. வளையுற மாதிரி தகடுன்னா கையாலயே மெதுவா வளைச்சு சரி பண்ணலாம். ஒரே இடத்துல திரும்பத் திரும்ப வளைச்சா உடையும்.

3. ராக்கோட மேல்தட்டு தரைக்கு நேர் மட்டமா இருக்கணும். மொபைல்ல லெவல் பார்க்கிற ஆப் இருந்தா அதை மேல வச்சுப் பாருங்க. பின்பக்கம் சாய்ஞ்சா பை வழுக்கும். டயருக்கும் தட்டுக்கும் நடுவுல மட்கார்டு போக கொஞ்சம் இடைவெளி விட்டு, எவ்வளவு தாழ்வா வைக்க முடியுமோ அவ்வளவு தாழ்வா வைங்க.

4. இப்ப ஒவ்வொரு போல்ட்டா கழட்டி, ஒரு சொட்டு த்ரெட் லாக் விட்டு, வாஷரோட திரும்ப மாட்டி இறுக்குங்க. எம்5 போல்ட்டுக்கு 5 நியூட்டன் மீட்டர் மாதிரி இறுக்கம் போதும். டார்க் ரென்ச் இல்லன்னா, சின்ன ஆலன் கீயை ரெண்டு விரலால பிடிச்சு நல்லா இறுக்குற அளவு. முழுக் கையை வச்சு இழுத்தா அலுமினியத் திருகு உரிஞ்சிடும். பிரேம்ல திருகு போச்சுன்னா அந்தச் செலவு ராக் விலையைத் தாண்டிடும்.

5. ஒரே துளையில மட்கார்டு கம்பியும் வரணும்னா, ராக் கால் பிரேமை ஒட்டி உள்ள இருக்கணும், மட்கார்டு கம்பி வெளியில. பாரம் தாங்குறது பிரேமுக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது.

6. பலரும் கவனிக்காத இடம் இதுதான். வலது பக்கம், அதாவது செயின் பக்கம், போல்ட் நுனி பிரேமைத் தாண்டி உள்ள நீட்டிக்கிட்டு இருக்கான்னு பாருங்க. சின்ன கியர்ல செயின் வரும்போது அந்த நுனியில உரசும், சில சமயம் சிக்கியே நிக்கும். கியரை சின்ன பல்சக்கரத்துல போட்டு, கையால பெடலைச் சுத்திப் பாருங்க. உரசினா கொஞ்சம் குட்டையான போல்ட் போடுங்க. இடது பக்கம் இந்தப் பிரச்சினை இல்ல. அங்க நுனி நீட்டிக்கிட்டு இருந்தா உள்பக்கமா லாக் நட் போட்டுக்கலாம், இன்னும் பாதுகாப்பு.

முடிஞ்சதும் ராக்கைப் பிடிச்சு சைக்கிளையே ரெண்டு பக்கமும் ஆட்டிப் பாருங்க. ராக்கும் பிரேமும் ஒண்ணா ஆடணும். ராக் மட்டும் தனியா ஆடினா எங்கயோ ஒரு போல்ட் லூஸ்.

50 கிலோமீட்டர் ஓட்டினதும், அதாவது மூணு நாலு நாள்ல, எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்கிப் பாருங்க. அப்புறம் மாசம் ஒரு தடவை போதும், சம்பளம் வர்ற நாள்னு வச்சுக்கிட்டா மறக்காது. நம்ம ரோட்டு ஸ்பீடு பிரேக்கருக்கு லூஸ் ஆகாத போல்ட் கிடையாது. கீழ் போல்ட் ஒண்ணு கழண்டு விழுந்தா ராக் கால் ஸ்போக்ஸ்க்குள்ள போகலாம். ஓடுற வீல் அப்படியே பூட்டிக்கும். இதுல ரெண்டு நிமிஷம் சோம்பல் படக்கூடாது.

பேனியர் எப்படித் தேர்ந்தெடுக்கிறது?

ஜோடியா வாங்கணும்னு கட்டாயம் இல்ல. ஆபீஸ் சாமானுக்கு ஒரு பக்க பேனியர் ஒண்ணு, 15 முதல் 20 லிட்டர், போதும். அஞ்சு கிலோ ஒரே பக்கம் தொங்கினா முதல் நாள் லேசா இழுக்கிற மாதிரி இருக்கும், ரெண்டாவது நாள் பழகிடும். அதுக்கு மேல பாரம் ஏறினா ரெண்டு பக்கமும் பிரிச்சுப் போடுங்க.

மேல்தட்டுல போட்டு ரெண்டு பக்கமும் தொங்குற மாதிரி ஒரே துண்டா தைச்ச பை விலை குறைவு. ஆனா ஆபீஸ் போனதும் கழட்டி உள்ள எடுத்துட்டுப் போறது தொல்லை. கொக்கி வச்ச பேனியர்னா ஒரே இழுப்புல கழண்டு வரும், தோள்ல மாட்டிக்கிட்டு லிஃப்ட்ல ஏறிடலாம். லேப்டாப் வச்சிருக்கிறவங்களுக்கு இதுதான் சரி.

கொக்கி உங்க ராக் கம்பியோட தடிமனுக்குப் பொருந்தணும். கம்பி பொதுவா 8-ல இருந்து 12 மி.மீ. வரைக்கும் இருக்கும். நல்ல பேனியரோட சின்ன பிளாஸ்டிக் துண்டுகள் வரும், அதைக் கொக்கிக்குள்ள போட்டா கடகடன்னு ஆடாது. கீழ்ப்பக்கம் ஒரு கொக்கியோ ரப்பர் பட்டையோ ராக் காலைப் பிடிச்சுக்கணும். அது இல்லன்னா பள்ளத்துல குதிக்கும்போது பை வெளியே வீசும்.

அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை. "வாட்டர் ரெசிஸ்டன்ட்"னு எழுதியிருந்தா தூறலுக்குத்தான். வாயைச் சுருட்டி மூடுற, தையல் இல்லாம ஒட்டின தார்பாலின் ரகம்தான் கனமழைக்கு நிக்கும். அது ஒரு பை சுமார் 1,500-ல இருந்து 2,500 ரூபாய். சாதாரண நைலான் பை வாங்கினா, உள்ள ஒரு தடிமனான பிளாஸ்டிக் கவரைப் போட்டு அதுக்குள்ள லேப்டாப்பை வைங்க. அந்தக் கவர் விலை பத்து ரூபாய்தான், காப்பாத்துறது 50,000 ரூபாய் பொருளை.

இன்னும் சிக்கனமா வேணும்னா, ராக் மேல காய்கறிக் கடை பிளாஸ்டிக் கிரேட் ஒண்ணை கேபிள் டை போட்டு இறுக்கிட்டு, உங்க பழைய பேக்கையே உள்ள வச்சு எலாஸ்டிக் கயிறு கட்டலாம். செலவு 200, 300 ரூபாய். பாரம் உயரத்துல இருக்கிறதால கொஞ்சம் ஆட்டம் இருக்கும். கயிறோட நுனி தொங்கவே கூடாது.

குதிகால் இடிக்குதா, லைட் மறையுதா?

பேனியரை மாட்டிட்டு, ஷூ போட்டுக்கிட்டு, சீட்ல உட்கார்ந்து பெடலை மெதுவா பின்னாடி சுத்துங்க. குதிகால் பையில இடிச்சா கொக்கியைப் பின்பக்கமா நகர்த்துங்க. நகர்த்த இடம் இல்லன்னா கீழ்முனை சாய்வா வெட்டின வடிவத்துல பை பாருங்க. கால் நீளமானவங்க, மவுன்டன் பைக் வச்சிருக்கிறவங்க வாங்குறதுக்கு முன்னாடியே இதைச் சோதிக்கணும்.

சீட் கம்பியில மாட்டின பின் லைட்டை பையோட மேல்பாகம் மறைச்சிடும். பின்னாடி வர்ற வண்டிக்கு நீங்க தெரியவே மாட்டீங்க. அதனாலதான் ராக்கோட பின் தகட்டுல லைட்டும் சிவப்பு ரிஃப்ளெக்டரும் மாட்டணும்னு சொன்னேன். 4,000 ரூபாய் கணக்குல லைட்டுக்குன்னு தனியா காசு ஒதுக்கியிருக்கேன், அதை வெட்டாதீங்க.

அடுக்குறதும் ஓட்டுறதும்

கனமானது கீழ, பிரேம் பக்கமா. லேப்டாப் நிமிர்ந்து நிக்கணும், ஸ்லீவுக்குள்ள, உள்பக்கச் சுவரை ஒட்டி. அடியில மாத்து சட்டையையோ துண்டையோ மடிச்சு வச்சா அதுவே மெத்தை. தண்ணி பாட்டிலும் குழம்பு டப்பாவும் லேப்டாப்போட ஒரே பைல வேண்டாம். பாட்டிலுக்கு பிரேம்ல ஸ்டாண்டு போடுங்க, டப்பாவைத் தனிக் கவர்ல கட்டி வெளிப் பாக்கெட்ல வைங்க. கம்பெனி லேப்டாப்னா, போற வழியில சேதமானா யார் பொறுப்புன்னு எச்ஆர் பாலிசியை ஒரு தடவை படிச்சுக்கோங்க.

பாரத்தோட ஓட்டும்போது பிரேக் பிடிச்சா நிக்கிற தூரம் கூடும். பின் டயர்ல காற்று கொஞ்சம் கூடுதலா, டயர்ல எழுதியிருக்கிற அதிகபட்ச அளவுக்குள்ள வைங்க. பை வெளியே நீட்டிக்கிட்டு இருக்கிறதால, நின்ன ஆட்டோவுக்கும் பஸ்சுக்கும் நடுவுல பழைய மாதிரி நுழையக் கூடாது. ஒத்தைக்கால் ஸ்டாண்டுல நிறுத்தினா பாரத்துக்குச் சாய்ஞ்சிடும், சுவர்ல சாய்ச்சு வைக்கிறது நல்லது.

கடைசியா செலவுப் பட்டியல்

அலுமினியம் ராக்: 1,500
ஒரு பேனியர், மழை தாங்குறது: 1,800
போல்ட், வாஷர், நட், த்ரெட் லாக்: 250
ராக்ல மாட்டுற பின் லைட்: 450
மொத்தம்: 4,000 ரூபாய்

விலை கடைக்குக் கடை மாறும், இது ஒரு நடுத்தர மதிப்பு. வாரத்துக்கு மூணு நாள், அதாவது மாசம் 13 நாள் மட்டும் ஓட்டுறீங்கன்னு வைங்க. ரெண்டு வருஷத்துல 312 நாள். ஒரு நாளைக்கு 13 ரூபாய்கூட வரல, ஒரு டீ காசு.

ஏற்கெனவே டூவீலர் வச்சிருக்கிறவங்களுக்குக் கணக்கு வேற. இஎம்ஐ எப்படியும் போகும், மிச்சமாகுறது பெட்ரோல் மட்டும்தான். 13 நாள், 208 கி.மீ., சுமார் 460 ரூபாய். 4,000 ரூபாய் திரும்ப வர ஒன்பது மாசம் ஆகும். அவங்க கிரேட் வழியில 300 ரூபாய்ல ஆரம்பிச்சு, ஒரு மாசம் விடாம ஓட்டினா மட்டும் ராக்கும் பேனியரும் வாங்குறது புத்திசாலித்தனம்.

புதுசா டூவீலர் லோனுக்கு விண்ணப்பம் போட நினைச்சிட்டு இருக்கிறவங்க, வீட்டுல சைக்கிள் இருந்தா, கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி மூணு மாசம் இதை ஓட்டிப் பாருங்க. கட்ட வேண்டிய அந்த 2,989 ரூபாயை மாசாமாசம் சம்பளத்தன்னைக்கே ஒரு ஆர்டில போடுங்க. மூணு மாசம் கழிச்சு சைக்கிள் ஒத்து வரலன்னா, கையில கிட்டத்தட்ட 9,000 ரூபாய் இருக்கும், கடன் அந்த அளவுக்குக் குறையும். ஒத்து வந்துச்சுன்னா, அந்த ஆர்டியை நிறுத்த வேண்டாம்.